பச்சை விளக்கு மோதிரத்தின் வல்லமையையும் எல்லையையும் கணிப்பது எப்படி

கிரீன் லேன்டர்ன் என்னும் டிசி காமிக்ஸ் நாயகனின் மோதிரத்தைப் பற்றி இருவர் பேசத் தொடங்கினால், "நினைத்ததை எல்லாம் செய்து முடிக்கும்" என்று ஒருவரும், "மஞ்சள் நிறத்தின் முன்னால் அது வெறும் வளையம்" என்று மற்றவரும் சொல்லி, பேச்சு பெரும்பாலும் அங்கேயே முட்டி நின்றுவிடும். இருவரும் பொய் சொல்வதில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் வெளிவந்த கதைகளைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1940 முதல் பல எழுத்தாளர்களின் கைமாறி வந்த ஒரு கருவிக்கு ஒரே விதிநூல் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் குறிப்பிட்ட ஒரு கதையில், குறிப்பிட்ட ஒருவரின் விரலில் இருக்கும்போது அந்த மோதிரம் எதைச் செய்யும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைப் பெருமளவு சரியாகவே கணித்துவிடலாம். வாதத்தைத் தீர்க்க விரும்புகிறவர்களுக்கும், இத்தகைய மோதிரம் ஒன்றை வைத்துச் சொந்தமாகக் கதை எழுத நினைக்கிறவர்களுக்கும் பயன்படும் என்று அந்தக் கணிப்பு முறையை இங்கே விளக்குகிறேன்.

வல்லமைகளைப் பட்டியலிடுவதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். பறக்கும், கேடயம் அமைக்கும், சுவரை ஊடுருவும், விண்வெளியில் மூச்சுக் கொடுக்கும் என்று எழுதிக்கொண்டே போனால் பட்டியலுக்கு முடிவே இராது. முடிவில்லாத பட்டியலிலிருந்து எந்தத் தீர்ப்பையும் பெற இயலாது. எல்லைகளோ எண்ணிக்கையில் சில. ஆனால் அவை ஒவ்வொன்றும் கதையின் போக்கையே திருப்பக்கூடியவை. எனவே எல்லைகளை முதலில் குறித்துக்கொண்டு, எஞ்சியதை வல்லமை என்று வைத்துக்கொள்வதுதான் பிழை குறைந்த வழி.

யாருடைய மோதிரம், எந்த ஆண்டின் கதை

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. 1940 ஜூலை தேதியிட்ட ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ் 16ஆம் இதழில் ஓவியர் மார்ட்டின் நோடெல்லும் எழுத்தாளர் பில் ஃபிங்கரும் அறிமுகப்படுத்திய ஆலன் ஸ்காட் ஒரு ரயில்வே பொறியாளர். தகர்க்கப்பட்ட பாலத்திலிருந்து விழுந்த ரயிலில் அவர் ஒருவர் மட்டும் பிழைக்கிறார். அவரைக் காத்த பச்சை விளக்கு, தன் உலோகத்திலிருந்தே ஒரு மோதிரம் செய்துகொள்ளும்படி அவருக்குச் சொல்கிறது. விண்ணிலிருந்து விழுந்த பொருளில் செய்யப்பட்ட அந்த விளக்கு மும்முறை சுடர்விடும் என்றும், முதல் சுடர் மரணத்தையும், இரண்டாவது வாழ்வையும், மூன்றாவது ஆற்றலையும் தரும் என்றும் கதையிலேயே ஒரு முன்னறிவிப்பு உண்டு. ஆலனுக்குக் கிடைத்தது மூன்றாம் சுடர். கண்டிப்பாகப் பேசினால் 'மாய மோதிரம்' என்ற பெயர் இந்த ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

1959இல் ஷோகேஸ் 22ஆம் இதழில் வந்த ஹால் ஜோர்டனின் மோதிரம் பெயரளவில் உறவு கொண்டாடினாலும் வேறொரு கருவி. ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸின் மேற்பார்வையில் ஜான் புரூம் எழுதி கில் கேன் வரைந்த இந்தக் கதையில் மாயத்துக்கு இடமில்லை. விமானச் சோதனை ஓட்டியான ஹாலைத் தேடிக் கண்டுபிடித்து, ஏபின் சுர் என்ற வேற்றுலகவாசி சாகும் தறுவாயில் மோதிரத்தை ஒப்படைக்கிறார். அதைச் செய்தவர்கள் ஓவா என்ற கோளில் வாழும் பிரபஞ்சக் காவலர்கள் என்பதும், அவர்கள் பிரபஞ்சத்தை 3600 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மோதிரக்காரரை நியமித்திருக்கிறார்கள் என்பதும், பூமி 2814ஆம் பகுதியில் அடங்கும் என்பதும் பின்வந்த கதைகளில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டவை. காவலர்கள் முன்பு சிறைப்பிடித்து ஒரு விண்மீனின் உள்ளே அடைத்த மாய ஆற்றலே ஆலனின் விளக்கில் இருப்பது என்று பிற்காலத்தில் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சு அழகானதுதான், ஆனால் அதை நம்பி ஒரு மோதிரத்தின் விதியை மற்றொன்றின் மீது ஏற்றினால் கணக்குத் தவறிவிடும். ஆலனின் மோதிரம் மரத்தின் முன் தோற்கும், மஞ்சளைப் பொருட்படுத்தாது. ஹாலின் மோதிரம் மஞ்சளின் முன் தோற்கும், மரத்தைப் பொருட்படுத்தாது.

ஆற்றல் இருப்பைக் கணக்கிடுதல்

அடுத்ததாக, கடைசியாக எப்போது மோதிரத்துக்கு ஆற்றல் ஏற்றப்பட்டது என்று பாருங்கள். ஆலனுக்கும் தொடக்ககால ஹாலுக்கும் விதி மிக எளிது: 24 மணி நேரம். அதிகமாகப் பயன்படுத்தினாலும், பயன்படுத்தாமல் விரலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், கெடு முடிந்ததும் விளக்கில் வைத்து மீண்டும் ஏற்றியாக வேண்டும். 1994இல் ஹாலுக்குப் பின் வந்த கைல் ரேனரின் மோதிரத்துக்கு இந்தக் கெடு கிடையாது. செல்பேசியின் பேட்டரியைப் போலச் செலவழிக்கச் செலவழிக்கக் குறையும். இன்னும் பிற்காலக் கதைகளில் மோதிரமே எஞ்சிய ஆற்றலை விழுக்காட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுவதால் வாசகருக்குக் கணக்குப் போடும் வேலையே மிச்சம். 2019இல் தொடங்கிய ஒரு தொடரின் நாயகியான ஜோ மல்லீனின் மோதிரம் விளக்கே இல்லாமல் தானாக ஆற்றலைத் திரும்பப் பெறும். அதற்கு ஈடாக மற்ற மோதிரங்களைவிட வலிமை குறைந்தது.

ஆற்றல் ஏற்றும்போது சொல்லப்படும் உறுதிமொழியைப் பலர் மந்திரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது மந்திரமன்று, ஆளுக்கு ஆள் சொற்கள் மாறினாலும் மோதிரம் ஏற்றுக்கொள்ளும். மனத்தை ஒருமுகப்படுத்தும் சடங்கு என்று கொள்வதே பொருத்தம்.

மோதிரத்தின் வேலை எது, அணிந்தவரின் வேலை எது

வாதங்களில் அதிகம் குழம்பும் இடம் இதுவாதலால் சற்று நின்று பார்க்கலாம். விண்வெளியின் குளிரிலிருந்து காப்பது, மூச்சுக்காற்றைத் தக்கவைப்பது, அயல்மொழியைப் பெயர்த்துச் சொல்வது, கேட்ட தகவலைத் தேடித் தருவது ஆகியவற்றை ஹாலின் வழிவந்த மோதிரங்கள் பெரும்பாலும் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. பச்சை ஒளியால் பொருள்களை வடிப்பது மட்டும் முழுக்க முழுக்க அணிந்தவரின் மனத்தைச் சார்ந்தது. அவ்வாறு வடிக்கப்படும் பொருளை வசதிக்காக ஒளியுரு என்று அழைப்போம்.

ஓர் ஒளியுரு எவ்வளவு தாங்கும் என்று மதிப்பிட மூன்றைக் கவனிக்க வேண்டும்: அணிந்தவரால் அதை மனக்கண்ணில் தெளிவாகக் காண முடிகிறதா, கண்ட உருவத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருக்க முடிகிறதா, அது வேண்டும் என்று உள்ளபடியே விரும்புகிறாரா. முதல் கேள்விக்குத் தொழில் விடை சொல்லிவிடும். 1971இன் இறுதியில் அறிமுகமான ஜான் ஸ்டூவர்ட் ஒரு கட்டடக் கலைஞர். அவர் வடிக்கும் பொருளுக்கு வெளித்தோற்றத்தோடு உள்ளமைப்பும் இருக்கும், ஒவ்வொரு பாகமும் எங்கே எதனோடு பொருந்துகிறது என்பதை நினைத்துத்தான் அவர் கட்டுகிறார். கைல் ரேனர் ஓவியர் என்பதால் அவருடைய ஒளியுருக்களில் நுணுக்கமும் விசித்திரமும் கூடுதல். ஹாலோ பெரிய கைமுட்டி, குத்துச்சண்டைக் கையுறை என்று எளிய உருவங்களிலேயே காரியத்தை முடித்துக்கொள்வார். இதைக் கற்பனை வறட்சி என்று கேலி செய்வோர் உண்டு. ஒரு நொடிக்குள் முடிவெடுக்கப் பழகிய விமானிக்கு அதுதான் இயல்பு என்பது என் கருத்து.

இரண்டாம் கேள்வி கவனத்தைப் பற்றியது. மயக்கம், உறக்கம், தலையில் விழும் அடி, மனத்தைக் குழப்பும் மருந்து என எது கவனத்தைக் கலைத்தாலும் ஒளியுரு மறையும். எதிரி மோதிரத்தைத் தாக்க வேண்டியதே இல்லை. அணிந்தவரின் சிந்தனையைத் தாக்கினால் போதும்.

மூன்றாம் கேள்வியைத்தான் வாசகர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கிறார்கள். மோதிரத்தை இயக்கும் மனவுறுதி என்பது கோபமோ உரத்த குரலோ அன்று. ஒன்றை முழுமனத்தோடு வேண்டுதல். ஆனால் அந்த வேண்டுதல் எவ்வளவு தீவிரமாக இருந்தாலும் அதற்கும் அப்பால் ஓர் எல்லை உண்டு என்பதை 1994இன் கதை கொடூரமாகக் காட்டியது. ஹாலின் சொந்த ஊரான கோஸ்ட் சிட்டி முந்தைய ஆண்டுக் கதையில் மக்களோடு சேர்த்து அழிக்கப்பட்டுவிடுகிறது. இடிபாடுகளின் நடுவே நிற்கும் ஹால், தெருக்களையும் வீடுகளையும் மாண்டுபோன மனிதர்களையும் பச்சை ஒளியில் மீண்டும் எழுப்பி அவர்களோடு பேசுகிறார். தெளிவும் பிடிமானமும் விருப்பமும் அந்த நேரத்தில் அவரிடம் குறைவின்றி இருக்கின்றன. ஆனாலும் ஆற்றல் தீர்ந்ததும் நகரம் கரைந்துவிடுகிறது. ஆக, மோதிரம் இறந்தவரின் உருவத்தைத் தரும், இறந்தவரைத் தராது. இன்னும் ஆற்றல் வேண்டும் என்று ஓவாவுக்குப் புறப்பட்ட ஹால் பேரழிவுக்குக் காரணமானதும், கைல் ரேனரின் கைக்கு மோதிரம் போய்ச் சேர்ந்ததும் இந்த ஓர் எல்லையிலிருந்து பிறந்தவை.

மொழிபெயர்ப்பைத் தானியங்கி வேலை என்று மேலே சொன்னேன்; அதற்கும் விளிம்பு இருக்கிறது. 1987இல் ஆலன் மூர் எழுதிய ஒரு குறுங்கதையில், காட்மா டுயி என்ற மோதிரக்காரி ஒளியே எட்டாத இருண்ட ஆழத்தில் வாழும் ஒருவரை மோதிரக்காரர்களின் படைக்குத் தேர்ந்தெடுக்கப் போகிறாள். ராட் லாப் ஃபான் என்ற அவருக்குக் கண்கள் இல்லை. நிறம், ஒளி, விளக்கு என்ற கருத்துகளே அவருடைய மொழியில் இல்லை. பச்சை விளக்குப் படை என்ற பெயரையே மோதிரத்தால் பெயர்க்க முடியவில்லை. கடைசியில் காட்மா நிறத்துக்குப் பதில் ஒலியையும், விளக்குக்குப் பதில் மணியையும் வைத்து விளக்கி, மோதிரத்தையும் அவருக்கேற்ப அமைத்துக்கொடுக்கிறாள். சொல்லுக்கு இணையான கருத்து கேட்பவரின் மனத்தில் இல்லாவிட்டால் மோதிரம் அதைப் புதிதாக உண்டாக்காது என்பதே இங்கே குறித்துக்கொள்ள வேண்டிய விதி. மொழிபெயர்ப்பு வேலை செய்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

மரம், மஞ்சள், அச்சம்

ஆலனின் முதல் சாகசத்திலேயே ஒரு ரவுடி மரத்தடியால் பின்னந்தலையில் அடித்து அவரை வீழ்த்துகிறான். உலோகம் பாயாத உடம்பில் மரம் பாய்ந்துவிடுகிறது. காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய, நாட்டார் கதைகளில் வருவது போன்ற விலக்கு இது.

ஹாலின் மஞ்சளுக்குக் காரணம் சொன்னார்கள்: மோதிரங்களுக்கு மூலமான பெருவிளக்கில் நீக்க முடியாத ஒரு கலப்பு இருக்கிறது, அதனால் மஞ்சள் நிறப் பொருளின் மீது பச்சை ஒளி செல்லாது. பழைய கதை ஒன்றைப் படிக்கும்போது இந்த விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் இயந்திரத்தை மோதிரத்தால் பிடிக்க முடியாது. ஆனால் பக்கத்தில் கிடக்கும் பாறையைத் தூக்கி அதன் மேல் போட முடியும். மஞ்சள் சுவரைத் துளைக்க முடியாது. ஆனால் அதன் அடியிலுள்ள மண்ணைத் தோண்ட முடியும். அக்காலக் கதைகளின் சுவையே இந்தச் சுற்றுவழிகளில்தான் இருந்தது. அதே விதி அபத்தத்துக்கும் இட்டுச் சென்றது: அணிலைப் போன்ற உருவமுடைய சிப் என்ற வீரர், எத்தனையோ போர்களில் தப்பிப் பிழைத்தபின், 1992இன் கதையொன்றில் ஒரு மஞ்சள் லாரி மோதி இறந்துபோகிறார்.

2004இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதத் தொடங்கிய மறுபிறப்புத் தொடர் இதற்குப் புதிய விளக்கம் தந்தது. பெருவிளக்கில் இருந்தது வெறும் கலப்பன்று, அச்சத்தின் உருவமான பாரலாக்ஸ் என்ற உயிரியைக் காவலர்கள் அதனுள் சிறைவைத்திருந்தார்கள், அதன் நிறமே மஞ்சள். தன் அச்சத்தை இனங்கண்டு அதைக் கடக்கும் மோதிரக்காரரை மஞ்சள் தடுக்காது என்று விதி மாறிற்று. 1940இல் அடியாளின் கையில் இருந்த தடி, 1959இல் ஒரு நிறமாகி, 2004இல் அணிந்தவரின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மோதிரத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை என்று நினைக்கிறேன். ஆகையால் 2004க்குப் பிந்தைய கதை ஒன்றில் மஞ்சள் பொருள் வந்தால், பொருளின் நிறத்தைப் பாராமல், எதிரே நிற்பவர் அனுபவமுள்ளவரா புதியவரா, எதற்கு அஞ்சுகிறார் என்று பாருங்கள். வீட்டை விட்டு வெளியே வரவே நடுங்கிய ஜெசிகா குரூஸ் பச்சை மோதிரத்துக்கு உரியவளானதும் இந்த மாற்றத்தின் தொடர்ச்சியே. அச்சம் அவளை விட்டுப் போய்விடுவதில்லை, அதை வைத்துக்கொண்டே அவள் மோதிரத்தை இயக்கப் பழகுகிறாள்.

இயலாமையும் தடையும் வெவ்வேறு

மோதிரம் உயிரைக் கொல்லாது என்பதை அதன் இயற்கையான எல்லையாகச் சொல்வோர் உண்டு. அது காவலர்கள் இட்ட பூட்டு. 2007இல் சினெஸ்ட்ரோ தலைமையிலான மஞ்சள் மோதிரப் படையோடு போர் மூண்டபோது காவலர்களே அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். எனவே ஒரு கதையில் மோதிரம் எதையாவது மறுத்தால், அதனால் முடியவில்லையா, அதற்கு அனுமதியில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சொந்தக் கதை எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இயலாமையை நாயகன் சுற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும், தடையையோ மீறலாம், மீறியதற்கு விலை கொடுக்கலாம்.

எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத எல்லை ஒன்றும் இருக்கிறது. 1970இல் டென்னிஸ் ஓ'நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த கிரீன் லேன்டர்ன் 76ஆம் இதழில், வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரை இளைஞன் தாக்குவதைக் கண்ட ஹால் சட்டம் ஒழுங்கின் பக்கம் நின்று அவரைக் காப்பாற்றிவிடுகிறார். அந்தச் சொந்தக்காரர் தன் கட்டடத்தில் குடியிருக்கும் ஏழைகளை எப்படி வைத்திருக்கிறார் என்பது அதன் பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. வேற்றுலகங்களின் பல நிறத்தவர்களுக்கெல்லாம் உதவிய நீ கருப்பர்களுக்கு ஏன் எதுவும் செய்யவில்லை என்று ஒரு முதியவர் கேட்கும்போது அவரிடம் பதில் இல்லை. மோதிரம் அன்று பழுதின்றித்தான் இயங்கிற்று. யாரைக் காப்பது என்பதைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலையன்று.

பிற நிற மோதிரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2007க்குப் பிந்தைய கதைகளில் சிவப்புச் சினத்துக்கும், ஆரஞ்சு பேராசைக்கும், மஞ்சள் அச்சத்துக்கும், நீலம் நம்பிக்கைக்கும், கருநீலம் இரக்கத்துக்கும், ஊதா அன்புக்கும் உரியவை. கணிப்புக்கு முக்கியமானவை இரண்டு: நீல மோதிரம் முழு வலிமையோடு இயங்க அருகில் ஒரு பச்சை மோதிரம் வேண்டும், சிவப்பு மோதிரம் அணிந்தவரின் இதயத்தின் வேலையைத் தான் எடுத்துக்கொள்வதால் அதைக் கழற்றுவது பொதுவாக உயிருக்கே ஆபத்து.

முரண்படும் சான்றுகளை எடைபோடுதல்

ஒரே ஒரு கதையில் மட்டும் மோதிரம் காட்டிய வல்லமைகளும் உண்டு. இத்தகைய ஒற்றை நிகழ்வுகளை வாதத்தில் சான்றாக நீட்டுகிறவர்களிடம், அந்த வல்லமை அந்த எழுத்தாளரின் மற்ற கதைகளில் மீண்டும் வந்திருக்கிறதா, நாயகன் பெரும் இக்கட்டில் இருந்தபோது அதைப் பயன்படுத்தினாரா என்று கேளுங்கள். திரும்பத் திரும்பக் காட்டப்பட்டதை விதியாகவும், ஒருமுறை மட்டும் காட்டப்பட்டதை அந்தக் கதையின் தேவையாகவும் கொள்வது நேர்மையான வழக்கம்.

முறையை ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்க்கலாம். பயணிகளோடு ஒரு மஞ்சள் விமானம் விழுந்துகொண்டிருக்கிறது; மோதிரத்துக்கு ஆற்றல் ஏற்றி 23 மணி நேரம் ஆகிறது. 1962இன் ஹாலாக இருந்தால் விமானத்தைப் பச்சைக் கையால் தாங்க முடியாது, பச்சை வலையும் பயன்படாது. கடல்நீரை மேட்டைப் போல உயர்த்தியோ எதிர்க்காற்றை எழுப்பியோ அதை மெல்ல இறக்க வேண்டும், அதையும் எஞ்சிய ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1995இன் கைலுக்கு நிறத் தடையும் இல்லை, கெடுவும் இல்லை. முந்தைய நாள் சண்டையில் எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தார் என்பது மட்டுமே கேள்வி. 2006இன் ஹால் விமானத்தை நேராகவே பிடித்துக்கொள்வார். 1940இன் ஆலனுக்கு அது உலோக விமானமாக இருந்தால் நிறத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தில் மரச் சட்டமும் மரப்பலகையும் கொண்டு கட்டிய விமானங்களும் பறந்துகொண்டிருந்தன. விழுவது அவற்றில் ஒன்றாக இருந்தால், அவரும் கடல்நீரைத்தான் தேட வேண்டியிருக்கும்.